டிக்கெட் வாங்கினால் வாய் மூடிக் கேட்போம், சாமி முன்னால் வாசித்தால் கதை பேசுவோமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். கோபம் வந்தால் கீழே தாராளமாகத் திட்டுங்கள். ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க, அவ்வளவுதான்.

நாங்கள் கோயில் தொண்டூழியர்கள் சில பேர். செருப்பு அடுக்குவோம், பால்குட வரிசையைப் பார்த்துக்கொள்வோம், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிப்போம். எங்களில் பாதிப் பேருக்கு இசைப் பைத்தியம். கடந்த சில மாதங்களில் ஒன்றாகச் சேர்ந்து நாலைந்து நேரடி இசை நிகழ்ச்சிகளுக்குப் போய் வந்தோம். சினிமா பாடகர் வந்து ஸ்டேடியத்தை நிரப்பும் நிகழ்ச்சி இல்லை. சின்ன அரங்கு, சொந்தப் பாட்டு, நாட்டுப்புறக் கொட்டு, அந்த மாதிரி.

ஒரு நாள் ஒரு தம்பி கித்தாரோடு தனியாக உட்கார்ந்து தானே எழுதிய தமிழ்ப் பாட்டுகளைப் பாடினார். மொத்தமே எண்பது பேர் இருப்போம். ஒரு பாட்டுகூட யாருக்கும் முன்பே தெரியாது. நடுவில் கம்பி அறுந்துவிட்டது. புதுக் கம்பி மாட்டி, சுருதி சேர்த்து முடிக்க நாலைந்து நிமிடம் ஆனது. ஒரு ஆள் எழுந்து போகவில்லை. போனை எடுத்தவர்கூடப் பக்கத்து ஆளுக்குத் தொந்தரவு ஆகுமே என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

இன்னொரு இரவு, பறையும் உறுமியும் சேர்ந்த நாட்டுப்புற நிகழ்ச்சி. ஆளுக்கு 45 வெள்ளி டிக்கெட். அரங்குக்குள் நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்ச முடியாது இல்லையா, அதனால் மேடையிலேயே ஹேர் டிரையர் வைத்துத் தோலைச் சூடேற்றினார்கள். அதைக்கூட மக்கள் ஆசையாகப் பார்த்தார்கள். குட்டையான அடிக்குச்சி எது, நீளமான சிண்டுக்குச்சி எது, எந்தக் குச்சி எந்தக் கையில் என்று ஒரு அக்கா விளக்கினார். எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டிக் கேட்டோம். முடிந்ததும் மொத்த அரங்கும் எழுந்து நின்று கை தட்டியது. எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அந்தக் கூட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த முகங்கள் நிறைய. நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் முகங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயரட்சை. அதே முகங்கள். நாதஸ்வரமும் தவிலும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், பத்தடி தூரத்தில். நம்ம ஆட்கள் என்ன பண்ணினார்கள் தெரியுமா? கார் எங்கே நிறுத்தினது, யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கு, புக்கிட் பாத்தோக்கில் வீடு என்ன விலைக்குப் போகுது. மேளச் சத்தத்துக்கு மேலே கேட்கணும் என்று இன்னும் கத்திப் பேசுகிறார்கள். ஒருத்தர் போனில் வீடியோ கால். ஆள் அதே ஆள்தான். காதுதான் மாறிப்போச்சு.

டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தால் மரியாதை. சும்மா கிடைத்தால் அலட்சியம். இதைத்தான் நாங்கள் இன்றைக்குச் சண்டை போட வந்திருக்கிறோம்.

பக்கவாட்டில் நின்று வாசிக்கிறாரே, அவர் கையில் இருப்பது என்ன என்று யோசித்திருக்கிறோமா? ஆச்சா மரத்தில் கடைந்த குழல். கும்பகோணம் பக்கத்து நரசிங்கன்பேட்டையில் செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாயில் வைக்கிற சீவாளி, கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. கொஞ்சம் ஈரம் மாறினாலும் நாதம் மாறும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதை வைத்துக்கொண்டு தினமும் காலையும் மாலையும் வாசிக்கிறார்கள். தவில்காரர் வலது கை விரலில் மாட்டியிருக்கும் வெள்ளைக் கூடுகள், துணியையும் மாவுப் பசையையும் சுற்றிச் சுற்றிக் காய வைத்தது. இடது கையில் குச்சி. பலா மரத்துக் கட்டை, தோளில் அந்தக் கனம். இதை மேடையில் யாராவது விளக்கினால் நாம் கைதட்டியிருப்போம். கோயிலில் நின்று வாசிக்கிறதாலே அவர் நமக்கு ஒரு சுவர் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டார்.

சாமி புறப்பாட்டில் முதலில் வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், வார்த்தையே கிடையாது, சொற்கட்டு மட்டும்தான். தெருக்கோடியில் இருக்கிறவனுக்கும் 'சாமி கிளம்பிட்டார்' என்று சொல்வதற்காகவே ஏற்பட்ட இசை அது. காலைக்கு ஒரு ராகம், பள்ளியறைக்கு ஒரு ராகம் என்று ஒரு நாள் பூஜை முழுவதுக்கும் கணக்கு இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இன்றைக்கும் உலகமே பேசுகிறதே, அவர் வளர்ந்ததும் இந்த மாதிரி ஒரு சந்நிதி வாசலில்தான்.

போன திருவிழாவில் தவில் வாசிக்கும் அண்ணன் எங்களிடம் ஒன்று கேட்டார். "தம்பி, மல்லாரி முடிஞ்சுதா முடியலையான்னு இங்க ஒரு ஆளுக்காவது தெரியுமா?" எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் எங்களுக்கே தெரியாது. அன்றைக்கு நாங்களும் வாக்கி டாக்கியில் கத்திக்கொண்டுதான் இருந்தோம்.

இப்போது எதற்கு இந்தப் பதிவு? காரணம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு கோயிலில், சாதாரண நாட்களுக்கு மேளக்காரர் வேண்டாம், மோட்டார் மேளம் போதும் என்று பேச்சு அடிபடுகிறது. சுவிட்ச் போட்டால் முரசும் மணியும் தானாக அடிக்குமே, அதுதான். சொல்கிற காரணம் மூன்று. மூன்றுக்கும் பதில் சொல்கிறோம்.

முதல் காரணம், செலவு. தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்கணும், பெர்மிட் எடுக்கணும், தங்க இடம், சாப்பாடு, சம்பளம். உண்மைதான், செலவுதான். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க உபயம் கொடுக்கிறோம், வெள்ளிக் கவசத்துக்குக் கொடுக்கிறோம், அன்னதானத்துக்கு வரிசையில் நின்று பெயர் கொடுக்கிறோம். 'ஒரு மாத மேளச் செலவு என் உபயம்' என்று கடைசியாக யார் கொடுத்தது? கேட்டுப் பாருங்கள். 45 வெள்ளி டிக்கெட் வாங்கிய எண்பது பேர் வருஷத்துக்கு ஒரு முறை அதே தொகையைக் கோயில் மேளத்துக்குக் கொடுத்தால் 3,600 வெள்ளி. கணக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை.

அப்புறம், மெஷின் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. அபிஷேகம் முடிந்து திரை போட்டிருக்கும். உள்ளே அலங்காரம் நடக்கும். தவில்காரர் கண் சந்நிதி மேலேயே இருக்கும். திரை விலகுகிற நொடியில் காலம் ஏறும், தீபம் ஏறும்போது கெட்டிமேளம். பின்வரிசையில் நிற்கிற பாட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் தலைதான் தெரியும், தீபம் தெரியாது. மேளத்தைக் கேட்டுத்தான் அவர் கை உயரும். மெஷினுக்குக் கண் கிடையாது. ஒரு சாயங்காலம் தீபாராதனை முடிந்து விபூதி கொடுத்து, எல்லாரும் பிரசாதம் வாங்கப் போன பிறகும் அந்த மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் யாருமே கவனிக்கவில்லை. சாமிக்கும் நமக்கும் நடுவில் இப்படி ஒன்றை வைப்பதா?

இரண்டாவது காரணம், சத்தம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து புகார் வருகிறதாம். பல இனத்தவர் வாழும் ஊர், அதை மதித்துத்தான் ஆகணும். ஆனால் எது சத்தம் என்று நேர்மையாகப் பார்ப்போம். நாதஸ்வரம் திறந்தவெளிக்காகச் செய்த வாத்தியம். அதற்கு மைக்கே தேவையில்லை. நாம் என்ன செய்கிறோம்? அணைசு வாய்க்கு நேராக மைக்கை வைத்து, நாலு பக்கமும் ஸ்பீக்கர் கட்டி, கான்கிரீட் மண்டபத்துக்குள் முழு வால்யூமில் விடுகிறோம். பிறகு 'மேளம் ரொம்பச் சத்தம்' என்கிறோம். மைக்கை எடுத்துவிட்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். புகாரும் குறையும், ராகமும் காதில் விழும்.

மூன்றாவது காரணம்தான் எங்களுக்குக் கோபம் வர வைத்தது. "மேளம்னு ஆரம்பிச்சா உறுமி வரும், உறுமி வந்தா ரவுடிப் பசங்க வருவானுங்க." இப்படி ஒரு பெரியவர் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஐயா, மரியாதையோடு கேட்கிறோம். அரங்கில் உறுமி வந்தால் அது கலை, பாரம்பரியம், எழுந்து நின்று கைதட்டல். கோயில் வாசலில் அதே உறுமி வந்தால் ரவுடித்தனமா? 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் முறை மேடை ஏறியது. கானாவும் பறையும் ராக் இசையும் ஒரே மேடையில். 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. ஒதுக்கி வைத்த கொட்டுக்கு மார்கழியில் மேடை வேண்டும் என்று அங்கே கேட்டு வாங்கினார்கள். அந்த வீடியோக்களை நாம் இங்கிருந்து பார்த்து, பகிர்ந்து, 'செம' என்று எழுதினோம். நம்ம வீட்டுப் பையன் உறுமியைத் தோளில் மாட்டினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். அந்தச் சுளிப்புக்குப் பின்னால் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. எந்த வாத்தியம் யார் வாசிப்பது என்ற கணக்கு. கப்பல் ஏறி வரும்போது அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம் போல.

நம்ம ஊர் நிலைமையும் எல்லாருக்கும் தெரியும். தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973-இல் தடை வந்தது. குழுக்களுக்குள் நடந்த சண்டைதான் அதற்குச் சொன்ன காரணம். சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, காவடி தூக்கியவர்கள் எத்தனையோ வருஷம் கொட்டு இல்லாமல் நடந்தார்கள். 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இடங்களைக் காவடி நெருங்கும்போது தூக்கியவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அலகு குத்தி, கால் தள்ளாடி வருகிறவர், கொட்டு காதில் விழுந்ததும் நிமிர்வார். தண்ணீர் கொடுக்க நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தது இது. அவ்வளவு கஷ்டப்பட்டுத் திரும்பக் கிடைத்ததை, நம்ம கோயிலுக்குள் நாமே சுவிட்சைத் தட்டி அணைக்கப் பார்க்கிறோமே!

உறுமிக் குழுத் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டோம், ஆனால் தலையில் தூக்கி வைக்கவும் மாட்டோம். சாமி முன்னால் குத்துப் பாட்டு மெட்டு வாசித்தது நடந்திருக்கிறது. குழு டீ-சர்ட் சண்டை நடந்திருக்கிறது. அதைக் காரணம் காட்டித்தான் உங்கள் எல்லாரையும் வெளியே தள்ளுகிறார்கள். அதே சமயம் பக்தர்களே, 'தம்பி, அந்தப் படத்துப் பாட்டு போடு' என்று கேட்டது யார்? பத்து வெள்ளி நோட்டை நீட்டியது யார்? முருகன் பாட்டு வாசிக்கும்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சினிமா மெட்டு வந்ததும் சுற்றி நின்று வீடியோ எடுத்தது யார்? வாசிக்கிறவன் கேட்கிற காதைப் பார்த்துத்தான் வாசிப்பான். காது நம்முடையது.

'கோயில் என்ன கச்சேரி மண்டபமா, பூஜை நடக்கிற இடத்தில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள்' என்று சிலர் சொல்வீர்கள். கச்சேரி மண்டபம் இல்லைதான். பிள்ளைகள் ஓடட்டும், பெரியவர்கள் நலம் விசாரிக்கட்டும். கோயில் நமக்கு ஊர் மாதிரி. நாங்கள் கேட்பது நாள் முழுவதும் மௌனம் இல்லை. திரை விலகும் நேரம், சாமி புறப்படும் நேரம், அந்தப் பத்து நிமிடம். கித்தார்க் கம்பி மாட்டக் காத்திருந்தோமே, அந்தப் பொறுமையில் பாதி.

வெறும் பேச்சு வேண்டாம் என்று நாங்கள் தொண்டூழியர்கள் எங்களுக்குள் சில விஷயம் முடிவு செய்திருக்கிறோம்.

மல்லாரி தொடங்கினால் வாக்கி டாக்கியில் கத்த மாட்டோம், கையால் சைகை காட்டுவோம். அன்னதானத்தில் மேளக்காரர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுவோம். இதுவரை அவர்கள் கடைசிப் பந்தியில் ஆறின சோறு சாப்பிட்டார்கள். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறோம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து கால் மணி நேரம், நாதஸ்வர அண்ணனையே என்ன வாசித்தார் என்று சொல்லச் சொல்வோம். பிள்ளைகள் தவிலைத் தொட்டுப் பார்க்கட்டும். கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு ஞாயிறு மத்தியானம் மண்டபத்தைத் திறந்துவிடக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுக்கப் போகிறோம். உறுமிக் குழுக்களையும் அந்த மண்டபத்துக்குத்தான் கூப்பிடுவோம், வாசலில் நிறுத்த மாட்டோம்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். ஒன்று, உபயச் சீட்டு எழுதும்போது 'மேளம்' என்று எழுதிக் கேளுங்கள். பட்டியலில் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். இரண்டு, உங்கள் கோயில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். மோட்டார் மேளம் பேச்சு வந்தால் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள். நூறு பேர் மனசுக்குள் வருத்தப்படுவதைவிட, அங்கே கை தூக்குகிற பத்து பேர்தான் கணக்கில் வருவார்கள்.

இன்டி நிகழ்ச்சிக்கும் போங்கள், நாட்டுப்புற நிகழ்ச்சிக்கும் போங்கள். நாங்களும் போவோம், அடுத்த மாதத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அங்கே கற்ற கேட்கும் பழக்கத்தைக் கோயிலுக்கும் கொண்டு வாருங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை சாயரட்சைக்குக் கொடிமரத்துப் பக்கம் நிற்போம். வந்து எங்களோடு சும்மா நின்று கேளுங்கள். மல்லாரி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முயற்சி பண்ணுவோம். தெரியவில்லை என்றால் தவில் அண்ணனிடமே கேட்டுக்கலாம், அவர் சந்தோஷப்படுவார்.

முருகா சரணம். சரி என்று பட்டால் உங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.