பேரிடர் சாவில் ஆளுக்கொரு கணக்கு! ஏட்டில் ஏறாத உயிருக்கு நிவாரணமும் இல்லை

நாகர்கோவில்:

புயல், வெள்ளம், நிலச்சரிவு, கொள்ளை நோய் என எது வந்தாலும் மக்கள் முதலில் கேட்பது "எத்தனை பேர் பலி?" என்பது தான். டி.வி.யில் ஒரு எண் ஓடும். மறுநாள் பேப்பரில் வேறு எண் வரும். பல மாதம் கழித்து டெல்லியில் இருந்து இன்னொரு எண் வரும். இதில் எது தான் உண்மை?

மூன்றுமே பொய் இல்லை. ஆனா மூன்றும் எண்ணுவது வேறு வேறு. உடல் கிடைக்கணும், அடையாளம் தெரியணும், என்ன காரணத்தால் இறந்தார் என்று டாக்டரோ போலீசோ எழுதி தரணும். இவ்வளவும் நடந்தால் தான் அரசு ஏட்டில் "பலி 1" என்று ஏறும். ஒரு காகிதம் குறைஞ்சாலும் அந்த உயிர் கணக்கில் வராது. கணக்கில் வராத குடும்பத்துக்கு நிவாரணமும் கிடைக்காது. இதில் அதிகம் அடிபடுவது மீனவர்களும், கூலி தொழிலாளர்களும் தான்.

இது குறித்த விவரம் வருமாறு:-

"காணவில்லை" என்ற தனி கட்டம்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி தாக்கியதில் தமிழகத்தில் சுமார் 8 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல். நாடு முழுவதும் பலியானவர்கள் 10 ஆயிரத்து 749 பேர் என்று மத்திய அரசு கணக்கு சொன்னது. அதோடு "காணாமல் போனவர்கள்" என்று தனியாக 5 ஆயிரத்து 640 பேர். இவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தமான் நிகோபார் தீவுகளை சேர்ந்தவர்கள்.

கடல் கொண்டு போன ஆள் திரும்பி வரமாட்டார் என்று ஊருக்கே தெரியும். ஆனா உடல் இல்லாததால் ஏட்டில் அவர் இறந்தவர் இல்லை. சட்டப்படி ஒருவரை பற்றி 7 ஆண்டு எந்த தகவலும் இல்லை என்றால் தான் அவர் இறந்ததாக கருத முடியும். சாட்சிய சட்டம் புதிதாக மாறிய பிறகும் இந்த 7 ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. அரசு மனசு வைத்து தனி உத்தரவு போட்டால் தான் அதற்கு முன் இறப்பு சான்றிதழ் கிடைக்கும்.

ஒக்கி புயலில் குமரி கண்ட பாடு

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி ஒக்கி புயல் அடித்தது. அப்போது நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தனர். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வரவில்லை என்று யாரிடமும் சரியான கணக்கு இல்லை. அதிகாரிகள் ஒரு எண் சொன்னார்கள். ஊர் கோவில்களில் வீடு வீடாக எழுதிய பட்டியல் அதை விட பெரிதாக இருந்தது. கொதித்துப்போன மக்கள் குழித்துறையில் ரெயில் மறியலில் உட்கார்ந்தார்கள்.

டிசம்பர் கடைசியில் அப்போதைய பாதுகாப்பு மந்திரி நிர்மலா சீதாராமன் பாராளுமன்றத்தில் ஒரு கணக்கு சொன்னார். 661 மீனவர்களை காணவில்லை, அதில் தமிழகம் 400, கேரளா 261 என்றார். பிறகு இந்த எண் குறைந்தது. மராட்டியம், குஜராத், லட்சத்தீவு என்று கரை ஒதுங்கிய படகுகளில் பலர் உயிரோடு திரும்பினார்கள்.

திரும்பாதவர்கள் வீட்டில் 7 ஆண்டு காத்திருக்க முடியுமா? கடன் இருக்கு, பிள்ளைகள் படிப்பு இருக்கு. மக்கள் விடாமல் போராடியதால் விதி தளர்த்தப்பட்டது. உடல் கிடைக்காத மீனவர் குடும்பங்களுக்கும் ரூ.20 லட்சம் நிவாரணம் வந்தது. ஊர்க்காரர்கள் எழுதி வைத்த பட்டியல் இல்லை என்றால் இது நடந்திருக்குமா?

2024 ஜூலை 30-ந்தேதி வயநாடு நிலச்சரிவிலும் இதே நிலை தான். மண்ணுக்குள் போனவர்களின் உடல் கிடைக்காததால், காணாமல் போனவர்களை இறந்தவர்களாக கருதி நிவாரணம் கொடுக்க கேரள அரசு 2025 ஜனவரியில் தனி உத்தரவு போட வேண்டி வந்தது.

கொரோனா: 4 வருஷம் கழித்து வந்த கணக்கு

உடல் கண் முன்னே இருந்தும் கணக்கில் வராதது கொரோனா காலத்தில் நடந்தது. 2021-ம் ஆண்டில் நாடு முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 32 ஆயிரம் பேர் என்பது அரசு கணக்கு.

ஆனா 2025 மே மாதம் மத்திய அரசே வெளியிட்ட பிறப்பு, இறப்பு பதிவு கணக்கை பார்த்தால் தலை சுற்றுகிறது. 2020-ல் பதிவான மொத்த சாவு சுமார் 81 லட்சம். 2021-ல் அது 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடுதல்!

இந்த 21 லட்சமும் கொரோனா சாவு என்று சொல்லிவிட முடியாது. பதிவு செய்யும் பழக்கம் கூடியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காமல் வேறு நோயால் இறந்தவர்களும் இருப்பார்கள். ஆனா வழக்கத்தை விட இத்தனை வீட்டில் கூடுதலாக சாவு விழுந்திருக்கு என்பதை யாரும் மறுக்க முடியாது. 2020, 2021 இரண்டு ஆண்டிலும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் சாவு என்று உலக சுகாதார அமைப்பு 2022-ல் மதிப்பிட்டது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

இந்த குழப்பத்துக்கு முக்கிய காரணம், நம் நாட்டில் பதிவாகும் 100 சாவில் சுமார் 23-க்கு தான் டாக்டர் எழுதிய காரணம் இருக்கிறது. மீதி எல்லாம் வெறும் "இறந்தார்" தான்.

சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு கொரோனா சாவுக்கு ரூ.50 ஆயிரம் என்று ஆனதும் உண்மை வெளியே வந்தது. குஜராத்தில் அரசு கணக்கில் இருந்த சாவு சுமார் 10 ஆயிரம். ஆனா 2022 ஜனவரி வரை வந்த விண்ணப்பமோ 89 ஆயிரத்துக்கும் மேல். அதில் 68 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அரசே ஏற்றுக்கொண்டது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. 2017-ல் அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா புயல் தாக்கியபோது பலி 64 என்றார்கள். கரண்ட் இல்லாமல், மருந்து இல்லாமல் பின்னால் இறந்தவர்களையும் கணக்கு பார்த்து 2018-ல் அந்த தீவு அரசே 2 ஆயிரத்து 975 என்று மாற்றிக்கொண்டது.

வெயில் சாவுக்கு மூன்று கணக்கு

கட்டிட வேலை, ரோடு வேலை, வயல் வேலை பார்ப்பவர்கள் முக்கியமாக கவனிக்க வேண்டியது இது. 2022-ம் ஆண்டில் வெயில் தாக்கி இறந்தவர்கள் எத்தனை பேர்? தேசிய குற்ற ஆவண காப்பகம் சொல்வது 730. மத்திய சுகாதாரத்துறை சொல்வது 33. வானிலை துறை சொல்வது 30. மூன்றும் மத்திய அரசு தான்!

முதல் கணக்கு போலீஸ் நிலையத்தில் இருந்து போகிறது. இரண்டாவது ஆஸ்பத்திரியில் இருந்து போகிறது. மூன்றாவது பெரும்பாலும் பத்திரிகை செய்திகளை பார்த்து எழுதுவது. வேலை இடத்தில் சுருண்டு விழுந்தவரை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனால், "மாரடைப்பு" என்று எழுதி உடலை கொடுத்து விடுவது சகஜம். அதோடு வெயில் கணக்கில் இருந்து அவர் பெயர் போய்விடும்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநில பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனா காகிதத்தில் "மாரடைப்பு" என்று இருந்தால் எந்த ஆபீசில் போய் கேட்பது?

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியது

* சாவு நடந்த 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும், நகரத்தில் நகராட்சி, மாநகராட்சி சுகாதார பிரிவிலும் பதியலாம்.

* இறப்புக்கான காரணம் எழுதிய சான்றின் நகலை டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். 2023 சட்ட திருத்தப்படி நெருங்கிய உறவினருக்கு அது தரப்பட வேண்டும்.

* வெயிலில் வேலை பார்த்தபோது மயங்கி விழுந்திருந்தால், இடம், நேரம் எல்லாம் போலீஸ் புகாரிலேயே இருக்க வேண்டும். பிரேத பரிசோதனை வேண்டாம் என்று அவசரப்பட்டு சொல்லக்கூடாது.

* ஆளை காணவில்லை என்றால் உடனே புகார் கொடுத்து வழக்கு பதிவு நகலை வாங்கி வைக்க வேண்டும். பின்னால் எல்லாத்துக்கும் அது தான் ஆதாரம்.

துக்க வீட்டில் காகிதம் தேடுவது கஷ்டம் தான். அதனால் தான் இதை குடும்பத்தின் தலையில் மட்டும் போடாமல், பேரிடர் நடந்த ஊரில் அதிகாரிகளே வீடு வீடாக போய் பெயர் எழுத வேண்டும், போலீஸ், ஆஸ்பத்திரி, வருவாய்த்துறை மூன்றும் ஒரே பட்டியல் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்துள்ளது. அரசு செய்யுமா?