வரவேற்பறையில் ஒரு நூலகம்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட துயரை நாம் மறவோம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாக வாசிக்க வைத்துள்ளது. ஆயினும் ரொறன்ரோவில் எமது முதியோர் பலருக்கு மடிக்கணினியின் சிற்றெழுத்துகள் தெளிவாகத் தெரிவதில்லை.

வழி எமது வரவேற்பறையிலேயே உண்டு. கணினியையும் தொலைக்காட்சியையும் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்து, வயர் செருகிய இடத்தின் இலக்கத்தைத் தொலைக்காட்சியில் தெரிவு செய்க. படமும் ஒலியும் ஒருங்கே செல்லும். விண்டோஸ் விசையுடன் ‘பி’ விசையை அழுத்தி ‘எக்ஸ்டென்ட்’ என்பதைத் தெரிந்தால், தொலைக்காட்சி இரண்டாவது திரையாகும். பேரப்பிள்ளை கணினியில் பாடம் எழுத, அம்மம்மா பெரிய திரையில் ஊர்ப் பத்திரிகை வாசிக்கலாம். பக்கம் புரட்டுவது பிள்ளையின் பொறுப்பாகட்டும். தமிழெழுத்து அதன் கண்ணிலும் படும் அன்றோ!