வேலை மாறலாமா, தொட்டில் கட்டலாமா?

சகோதரிகளே, கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷமான பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நல்ல சம்பளத்தில் புது வேலை வந்திருக்கும். மனசில் குழந்தை ஆசையும் இருக்கும். "இப்ப மாறினா பிரசவத்துக்குச் சம்பளத்தோட லீவு கிடைக்காதாமே?" என்று பயந்து, வந்த வேலையைக் கைநழுவ விடுகிறவர்கள் உண்டு. "வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று அம்மாவோ மாமியாரோ சொன்னால் பயம் இரட்டிப்பாகும்.

பயப்படுவதற்கு முன்னால் காலண்டரை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

1961-ல் வந்த மகப்பேறு சலுகைச் சட்டம் முதலில் 12 வாரம்தான் கொடுத்தது. 2017-ல் அதை 26 வாரமாக்கினார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மட்டும் 12 வாரம். கடை, ஆபீஸ் என்றால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும்.

முக்கியமான நிபந்தனை இதுதான்: பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில், சலுகை கேட்கிற அந்த முதலாளியிடமே 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். பழைய ஆபீஸில் ஐந்து வருஷம் உழைத்திருந்தாலும் அது இங்கே சேராது. புது இடத்தில் ஒன்றிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஆனால் 80 நாள் மலையில்லை. வாரம் ஆறு நாள் வேலையென்றால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல். ஐந்து நாளென்றால் 16 வாரம். வேலையில் சேர்ந்த மாதமே நாள் தள்ளிப்போனாலும், பிரசவத்துக்குள் தாராளமாக முடிந்துவிடும். மூன்று மாதக் கர்ப்பத்தோடு சேர்ந்தால்கூட, சம்பளமில்லாத லீவு அதிகம் போடாமலிருந்தால் சமாளிக்கலாம். ஆறாம் மாதத்தில் சேர்ந்தால்தான் இழுபறி. பிரசவத்துக்கு முன்னால் எட்டு வாரம் வரை லீவு எடுக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு விஷயம். லீவுக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துத்தான் பணம் தருவார்கள். ஆக, புது வேலையில் சம்பளம் கூடினால் பிரசவ காலத்திலும் கூடுதலாகவே கிடைக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஜூன் முதல் தேதி புது ஆபீஸில் சேர்ந்தாள். ஜூலையில் கரு தங்கியது. "போச்சு, ஏமாந்துட்டேன்" என்று அழுதாள். வாரம் ஆறு நாள் வேலை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் 80 நாள் முடிகிறது. டாக்டர் சொன்ன தேதியோ ஏப்ரல்! அழுகை நின்றது. மசக்கையில் சேர்ந்தாற்போல் லீவு போடாமல், முடிந்தவரை வேலைக்குப் போனாள். லீவும் சம்பளமும் முழுசாகக் கிடைத்தன.

"தகுதிகாண் காலத்தில் இருக்கேன், எனக்கு உண்டா?" என்று தயங்காதீர்கள். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்தச் சலுகை உண்டென்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 'பிரசவ லீவு கேட்க மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும் சட்ட விரோதம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பழைய வேலையை விட்டுவிட்டு, புது உத்தரவு கைக்கு வராமல் நடுவில் நிற்காதீர்கள். சம்பளமாக இல்லாமல் 'கட்டணம்' என்று கொடுத்தால், உங்களை ஊழியராக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கம்பெனி எடுத்துக் கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும்; புது இடத்தில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று பாருங்கள்.

"எனக்குக் குழந்தை வரப்போகுது, லீவு தருவீங்களா?" என்று கேட்கத் தேவையில்லை. "லீவு விதிகளைக் கொஞ்சம் காட்டுங்க" என்றால் போதும்; எல்லோரும் கேட்பதுதான். நியமன உத்தரவையும் மாதாமாதம் சம்பளச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். 80 நாளுக்குச் சாட்சி அவைதான்.

வரும்படியும் வேண்டும், வாரிசும் வேண்டும் என்று நினைப்பது பேராசையில்லை, அம்மா. கணக்குத் தெரிந்தால் ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.