ஒன்பது புதன்கிழமை

ஆண்டாப் ஹில்லில் நம்மூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதன்கிழமை என்றால் மாஹிம் புனித மிக்கேல் கோயில் நவநாள்தான். 1948-ல் தொடங்கியது, வேற்று மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள். போன வருஷம் என் அம்மாவின் உடம்புக்காக ஒன்பது புதன் போனோம். அம்மா பிழைக்கவில்லை.

"அப்போ மாதா கேக்கலியாப்பா?" என்றாள் மகள். "நமக்கு விசுவாசம் பத்தலை" என்று சொந்தக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். இந்தப் பதில்தான் எனக்கு ஒப்பவே இல்லை. பிள்ளையின் வாயை அடைப்பதற்குப் பெயர் விசுவாசமா, சொல்லுங்கள்?

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தன. பல பத்தாண்டுகள் மனசுக்குள் இருட்டு, ஜெபித்தாலும் கடவுள் இல்லாதது போன்ற வெறுமை என்று எழுதியிருக்கிறார். அப்படியும் ஏழைகளின் புண்ணைத் துடைப்பதை நிறுத்தவில்லை. திருச்சபையும் அந்தக் கடிதங்களை ஒளித்துவைக்காமல் 2016-ல் அவரைப் புனிதராக அறிவித்தது. அவருக்கே வந்தது, பத்து வயசுப் பிள்ளைக்கு வரக்கூடாதா?

"எனக்கும் தெரியலம்மா. எனக்கும் கோபம்தான்" என்றேன் மகளிடம். அன்று ராத்திரி அவள் ஜெபமாலைக்கு உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீட்டுக்காரிக்கு இதில் வருத்தம்தான்.