இடுப்பு வலிக்கு சிக்னல் வேண்டும்

நான் பிசியோதெரபிஸ்ட். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. சாமைக் காட்டில் நாளெல்லாம் குனிந்து களை எடுத்து, விறகுக்கட்டைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்குகிறவர்களுக்கு இடுப்பும் முழங்காலும்தான் முதலில் போகிறது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். இங்கே வருடக்கணக்கில் இழுத்தாலும் அதை யாரும் நோயாக நினைப்பதில்லை. தாங்க முடியாதபோது போளூருக்கு பஸ் ஏறி ஓர் ஊசி, பிறகு கடையில் வாங்கும் வலி மாத்திரை. அந்த மாத்திரையை விடாமல் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடலாம்.

வலிக்கென்றே செல்போன் செயலிகள் வந்துவிட்டன. ஒன்றை ஓர் அக்காவின் மகன் போனில் இறக்கிப் பார்த்தேன். வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு என்று கேட்டது. "குந்துனா எழுந்திரிக்க முடியல, இதுக்கு என்னா சார் நம்பரு?" என்று சிரித்தார் அக்கா. எவ்வளவு நேரம் களை எடுக்க முடிகிறது, குடத்தோடு எதுவரை நடக்க முடிகிறது என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

அதற்காக போனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 டிசம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும், வலியைப் புரியவைப்பதையும் வலியுறுத்துகிறது. பயிற்சியை ஒருநாள் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் மறுவாரமே கோணலாகிவிடும். அந்த அக்காவின் மகன் சின்ன வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். முழங்காலை இன்னும் மடக்கணும் என்று நான் குரல்பதிவில் சொல்கிறேன். எனக்கு ஒரு பயணம் மிச்சம்.

முதல்முறை மட்டும் நேரில்தான் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்க்காமல் போனிலேயே பயிற்சி சொல்வது ஆபத்து. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. போனில் பார்ப்பது அதன் தொடர்ச்சியாக இருக்கட்டும். ஆள் வருவதை நிறுத்த அது சாக்காகிவிடக் கூடாது. போனில் நோயாளியோடு செலவிடும் நேரத்தையும் வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்கு முதலில் சிக்னல் வேண்டுமே! இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களைப் பார்க்கிறது. சில ஊர்களில் ஒரு வீடியோ அனுப்ப இன்னும் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது.

டவர் வரும்வரை, ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும் பயிற்சி வீடியோக்களைத் தமிழில் சுகாதாரத் துறையே தரலாம். யோகா விரிப்பில் படுத்துக் காட்ட வேண்டாம். களைக்கொத்தோடு எப்படி உட்காருவது, எப்போது நிமிர்வது என்று காட்டினால் போதும். சாமைக்குக் களை எடுக்கும் பருவத்துக்கு முன்னால் வந்தால் ரொம்ப நல்லது.