நீரும் அளவும்

உடலுக்கு நீர் இன்றியமையாதது என்பதை யாவரும் அறிவர். ஆயினும், நாள்தோறும் எட்டுக் குவளை நீர் பருகினால்தான் நலம் உண்டு என்று பலர் கூறுவது பொருந்துமா?

1945-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு ஊட்டக் குழு, வயதுவந்தோர்க்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர் நீர் ஏற்ற அளவு என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே அடங்கியுள்ளது என்றும் உடன் உரைத்தது. மக்கள் முன்னதை நினைவிற்கொண்டு பின்னதை மறந்தனர் போலும்! 2002-ஆம் ஆண்டில் ஹைன்ஸ் வால்டின் என்னும் அறிஞர், நலமுடன் வாழ்வோர்க்கு எட்டுக் குவளை தேவை என்பதற்குச் சான்று இல்லை எனக் கண்டார்.

சோறும் மோரும் காய்கனிகளும் உடலுக்கு நீர் தருகின்றன. குருதியில் உப்பின் செறிவு சிறிது மிகுந்தாலும் மூளை அதனை உணர்ந்து வேட்கையை எழுப்புகிறது. மிகுந்த நீரைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. அவற்றின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. குறுகிய நேரத்தில் அளவு கடந்து பருகின், குருதியிலுள்ள சோடியம் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

எனினும், வெயிலில் உழைப்போரும் சிறுநீரகக் கல்லால் துன்புற்றோரும் மிகுதியாகப் பருகுதல் வேண்டும். முதுமையில் வேட்கை குன்றுமாதலின் முதியோர்க்கு விழிப்புத் தேவை. விளையாட்டில் ஆழ்ந்து வேட்கையை அடக்கும் மாணவரும் தமக்கே தீங்கு தேடுகின்றனர். நோயற்ற ஏனையோர்க்கு வேட்கையே வழிகாட்டி. குவளையை எண்ணிப் பருகுவதினும் தேவையறிந்து பருகுவதே அறிவுடைமை.