சுடுவதென்றால் ஒழுங்காகச் சுடு! ஈயக் குண்டு வேண்டாம், செம்புக் குண்டு கொடு!

உழவர் பெருமக்களே!

கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் காட்டுப்பன்னி இறங்குகிறது. ஒரு ராத்திரி ஒரு கூட்டம் புகுந்தால் போதும், மூணு மாசப் பாடு மண்ணோடு மண்ணு. மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு, கரும்பு எதுவும் தப்புவதில்லை. வரப்பைச் சுற்றிச் சேலை கட்டினோம், தகரத்தைத் தட்டினோம், பரண் போட்டுக் கண் விழித்தோம். பன்னி சேலைக்குப் பழகிவிட்டது. நாம்தான் தூக்கம் கெட்டுக் கிடக்கிறோம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு சட்டமன்றத்தில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறை சுடலாம். காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவனுக்குத்தான் நஷ்டம் அதிகம். அவனுக்கு இதில் ஒன்றுமில்லை. அந்தச் சண்டையை நாம் விடப்போவதில்லை. ஆனால் சுடுவது என்று வந்துவிட்ட பிறகு இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். எந்தக் குண்டால் சுடுவது?

“குண்டுன்னா குண்டுதானே, இதுல என்னங்க இருக்கு?” என்பீர்கள். இருக்கிறது. அரைகுறையாக அடிபட்ட பன்னி அங்கேயே விழாது. ஓடிப்போய்ப் புதரில் படுத்துக்கொள்ளும். விடியக்காலையில் தண்ணி கட்டப் போகிறவன் நாம். தொடையைக் கிழித்தால் ஆஸ்பத்திரிக்கு அலைவதும் நாம்தான். தூரத்தில் நிற்கும் பன்னியை ரவைத் தோட்டாவால் அடித்துக் காயப்படுத்தி விடுவதை வேட்டை என்று சொல்ல முடியாது, வினை என்றுதான் சொல்ல வேண்டும்.

வழக்கமான ரைபிள் குண்டு ஈயம், மேலே மெல்லிய செம்புத் தோல். உடம்பில் பட்டதும் ஈயம் நொறுங்கிச் சிதறும். அமெரிக்காவில் அப்படிச் சுட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உடலுக்குள் ஈயத்தூள் பரவலாகச் சிதறியிருந்தது தெரிந்தது. அந்தக் குடலைத் தின்ற காண்டார் கழுகுகள் விஷமேறிச் செத்தன. 1982-ல் உலகத்திலேயே 22 கழுகுகள்தான் மிச்சம். அந்தக் கழுகுகள் வாழும் கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. டென்மார்க்கில் 2024 ஏப்ரலிலிருந்து அப்படியே. நம்ம பக்கத்தில் மோயாறு பள்ளத்தாக்கில் பிணந்தின்னிக் கழுகு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் மருந்தால் இந்தக் கழுகினம் அழிந்ததென்று 2006-ல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்த பறவை அது. இனி புதரில் விழுந்த பன்னியிலிருந்து ஈயமும் அதன் வயிற்றுக்குள் போக வேண்டுமா?

மாற்று இல்லாமலா இருக்கிறது? முழுக்கச் செம்பாலேயே ஆன குண்டு. அமெரிக்காவில் பார்ன்ஸ் கம்பெனி 1989-லேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. மூக்கில் குழி இருக்கும். பட்டதும் நாலு இதழாக விரியும், நொறுங்காது. எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம். குண்டு எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது என்பது ஈயக் காலத்துக் கணக்கு. செம்புக்கு அது பொருந்தாது. 308 ரைபிளில் 180 கிரெய்ன், அதாவது 11.7 கிராம், ஈயக் குண்டு போடுகிறார்கள் என்று வையுங்கள். உள்ளே போகும்போது மூன்றில் ஒரு பங்கு உதிர்ந்தால் மிச்சம் 120. அதே துப்பாக்கியில் 150 கிரெய்ன் செம்புக் குண்டு, அதாவது 9.7 கிராம், கிட்டத்தட்ட 150 ஆகவே கடைசி வரை போகும். எதற்குக் கனம்? இன்னொன்று, செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடைக்கு வார்த்தால் குண்டு நீளமாகிவிடும். தோட்டாவுக்குள் மருந்துக்கு இடம் குறையும், பழைய குழலின் முறுக்கு அதைச் சரியாகச் சுழற்றாது. எல்லாவற்றுக்கும் மேலே வேகம். இந்தக் குண்டு விரிவதற்கு நொடிக்கு 600 மீட்டர் அளவுக்காவது வேகம் வேண்டும். மெதுவாகப் போனால் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், பன்னி ஓடிவிடும். லேசான குண்டு வேகமாகப் போகும். பன்னிக்கு 130, 150 கிரெய்ன் தாராளம். 2016-ல் பீகாரில் மொகாமா பக்கம் 200-க்கு மேல் நீலகாய்களைச் சுட்டார்களே, அது 200 கிலோவுக்கு மேலும் வளரும் பிராணி. அதற்கு 150, 165 எடுப்பது நல்லது.

குறையும் சொல்லிவிடுகிறோம். விலை கூடுதல். நொறுங்காத குண்டு பன்னியைத் தாண்டி வெளியே வரும். பின்னால் மண்மேடு இருக்கிற இடத்தில், மேலிருந்து கீழாகத்தான் சுட வேண்டும். பின்னால் சாளை இருந்தால் விசையைத் தொடவே கூடாது. குண்டை மாற்றினால் படுகிற இடமும் மாறும். பயிற்சித் திடலில் சுட்டுக் குறி சரிபார்க்காமல் காட்டுக்கு வரக்கூடாது. மெதுவாகச் சுடும் பழைய துப்பாக்கியில் செம்பைத் திணித்தும் பிரயோசனமில்லை, துப்பாக்கியையும் மாற்ற வேண்டும்.

நாம் துப்பாக்கி கேட்கவில்லை. நம்மில் யாரும் தானே சுடப் போக வேண்டாம், அது குற்றம். கரண்டு வேலியும் வேண்டாம், அவுட்டுக்காயும் வேண்டாம். 2020-ல் பாலக்காட்டில் பன்னிக்கு வைத்த வெடியைக் கடித்துச் சினை யானை செத்தது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானையும் போய், உழவனும் ஜெயிலுக்குப் போனால் யாருக்கு லாபம்?

வரும் கிராம சபையில் எல்லோரும் வாருங்கள். பெண்கள் கட்டாயம் வாருங்கள். பயிற்சி பெற்ற ஆட்கள், வேகமான ரைபிள், லேசான செம்புக் குண்டு, அடிபட்ட பன்னியை அன்றைக்கே தேடிப் பிடிக்கும் பொறுப்பு, ஆழக் குழி தோண்டிப் புதைப்பது, இந்த ஐந்தையும் எழுதித் தீர்மானமாகப் போட வைப்போம். நகலைக் கையோடு வாங்கி ரேஞ்சர் ஆபீசில் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.